பச்சைக் கம்பியை மட்டும் நம்பியிருக்கும் வீடுகள்

மாத்தளை நகரிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே மூன்று கிலோமீற்றர் அளவில் போனால் அலுவிகாரை வரும். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட இடம் இதுவே என்பது மரபு. வருகிறவர்கள் குகை விகாரையையும் அதைத் தாங்கி நிற்கும் பாறையையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வீதியோரத்து மின்கம்பங்களையும், அவற்றிலிருந்து பலா, தென்னை, மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு இடையே வீடுகளுக்கு இறங்கும் கம்பிகளையும் யாரும் நின்று பார்ப்பதில்லை. பார்த்தால் ஒன்று தெரியும்: கம்பத்திலிருந்து ஒரு சாதாரண வீட்டுக்கு வருவது இரண்டே கம்பி. ஒன்று மின்சாரத்தைக் கொண்டுவரும் லைன் கம்பி. மற்றது அதைத் திருப்பி எடுத்துச் செல்லும் நியூட்ரல், பாடப்புத்தகம் சொல்லும் நொதுமல் கம்பி. ஆனால் வீட்டுக்குள்ளே ஒவ்வொரு பிளக் பொயின்ட்டிலும் மூன்று துளைகள் இருக்கின்றன. அந்த மூன்றாவது துளைக்குப் போகும் பச்சைக் கம்பி கம்பத்திலிருந்து வரவில்லை. அது வீட்டு நிலத்திலிருந்தே வருகிறது, அல்லது எங்கிருந்தும் வரவில்லை.

இலங்கையில் வீடுகளுக்கு மின்சாரம் கொடுக்கப்படும் முறையின் அடிப்படையே இதுதான். மின்மாற்றி நிற்கும் இடத்தில் நியூட்ரலை மண்ணோடு இணைத்துவிடுகிறார்கள். வீட்டுக்காரர் தன் வளவில் ஒரு செப்புக் கோலை அடித்து, அதிலிருந்து தன் எர்த் கம்பியைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் இடையில் இருப்பது வெறும் மண். பிரிட்டனில் மேல்நிலைக் கம்பிகளால் மின்சாரம் பெறும் பல நாட்டுப்புற வீடுகளிலும் இதே ஏற்பாடுதான். இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் பழைய வீடுகளில் இந்த ஏற்பாட்டின் ஒரு பாதி மட்டுமே இருக்கிறது, அந்தப் பாதி முழுப் பாதுகாப்பு என்று நம்பப்படுகிறது. எர்த் கோல் இருக்கிறது, பலகையில் பியூஸ் இருக்கிறது, ஆகவே ஆபத்தில்லை என்ற அந்த நம்பிக்கை கணக்குப்படியே தவறு.

கணக்கு எளிது. நான்கு அடி நீளமும் அரை அங்குலத் தடிப்பும் உள்ள ஒரு கோலை ஈரமான நல்ல மண்ணில் முழுதாக அடித்தால், அதற்கும் பூமிக்கும் இடையிலான தடை ஏறத்தாழ 75 ஓம் வரும். மின்மாற்றிப் பக்கத்து எர்த் 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது சலவை இயந்திரத்தின் உள்ளே லைன் கம்பி உரிந்து தகர உடலைத் தொட்டுவிட்டது. மின்சாரம் பச்சைக் கம்பி வழியாகக் கோலுக்கு இறங்கி, மண்ணுக்குள் ஓடி, மின்மாற்றிக்குத் திரும்ப வேண்டும். 230 வோல்ட்டை 85 ஓமால் வகுத்தால் 2.7 அம்பியர். அந்தப் பாதையில் போகக்கூடியது அவ்வளவுதான். பலகையில் இருப்பது 15 அம்பியர் பியூஸ். 5 அம்பியர் பியூஸாக இருந்தாலும் 2.7 அம்பியருக்கு அது எரியாது. பியூஸ் எரியாததால் மின்சாரம் நிற்காது, இயந்திரத்தின் உடலில் 200 வோல்ட்டுக்கு மேல் அப்படியே நிற்கும். ஈரக் காலோடு தொடுகிறவரின் உடல் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். அப்போது அவர் உடலில் பாய்வது 200 மில்லி அம்பியர். 10 மில்லி அம்பியர் அளவிலேயே பலருக்குப் பிடித்த கையை விட முடியாமல் போகும். 30-ஐத் தாண்டினால் மூச்சு இறுகும், அதற்கு மேலே நீடித்தால் இதயத் துடிப்பு குழம்பிவிடும். இந்தக் கோளாறு ஆளைத் தொடாமல் இருந்தாலும் சும்மா இருக்காது. 2.7 அம்பியர் நாள் முழுதும் மண்ணுக்குள் போனால் மீற்றரில் நாளொன்றுக்குப் பதினைந்து யூனிட் வரை ஏறும். காரணமில்லாமல் மின்கட்டணம் எகிறும் வீட்டில் இதையும் ஒருமுறை சந்தேகப்படுவது நல்லது.

அப்படியானால் அந்தக் காலத்தில் ஏன் அப்படிச் செய்தார்கள் என்ற கேள்வி நியாயமானது. அந்தக் காலத்து எர்த் பல இடங்களில் கோல் அல்ல, தண்ணீர்க் குழாய். நிலத்துக்குள் நெடுந்தூரம் ஓடிய இரும்புக் குழாயில் கம்பியைச் சுற்றிவிட்டால் தடை மிகக் குறைவாக வரும். பியூஸ் எரிய அது போதுமானதாக இருந்ததும் உண்டு. பிறகு இரும்புக் குழாய் துருப்பிடித்தது, பி.வி.சி. குழாய் வந்தது. குழாயை மாற்றியவர் தண்ணீர் வேலை செய்கிறவர். அவர் ஒரு வீட்டின் எர்த்தை அறுத்துவிட்டோம் என்று அறிந்திருக்க வழியில்லை. விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, எர்த் மட்டும் செத்துப்போயிற்று. சுவருக்கு வெளியே ஒரு துண்டு இரும்புக் குழாய் மிஞ்சியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். வீட்டுக்குள் எங்கே மின்கசிவு ஏற்பட்டாலும் அது அந்தக் குழாய்க்கும் அதில் பொருத்திய பித்தளைக் கோக்குக்கும் வந்து நிற்கும். குளிக்கிற இடத்தில் 'கரண்ட் அடிக்குது' என்று சொல்லப்படும் வீடுகள் பலவற்றில் நடந்திருப்பது இதுதான்.

இந்த ஏற்பாட்டின் மறுபாதிக்கு ட்ரிப் சுவிட்ச் என்று பெயர். லைனில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. போனதில் 30 மில்லி அம்பியர் திரும்பவில்லை என்றால், அது வேறு வழியில், மண்ணுக்கோ ஒரு மனிதருக்கோ போகிறது என்று கொண்டு இணைப்பை வெட்டிவிடும். தரநிலைப்படி 30 மில்லி அம்பியரில் 0.3 வினாடிக்குள், 150 மில்லி அம்பியரில் 0.04 வினாடிக்குள் வெட்ட வேண்டும். 1950களில் தென்னாபிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உருவெடுத்த கருவி இது. மனித உடல் எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்று ஆராய்ந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ல்ஸ் டால்சியல் 1961-இல் அமெரிக்காவுக்கு ஏற்ற வடிவத்தைக் கொண்டுவந்தார். மேலே சொன்ன சலவை இயந்திரத்தை இப்போது மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். பியூஸுக்குப் பொருட்டாகத் தெரியாத அந்த 2.7 அம்பியர், ட்ரிப் சுவிட்ச்சுக்குத் தேவையானதைப் போலத் தொண்ணூறு மடங்கு. இயந்திரத்தின் உடலில் மின்சாரம் ஏறிய அந்த நொடியிலேயே, யாரும் தொடுவதற்கு முன்பே, வீடு இருண்டுவிடும். கோலின் தடை 75 அல்ல, 500 ஓம் ஆனாலும் இது நடக்கும். தொடக்கூடிய உலோகத்தில் 50 வோல்ட்டுக்கு மேல் நிற்கக் கூடாது என்ற எல்லைப்படி பார்த்தால், 30 மில்லி அம்பியர் ட்ரிப்புக்கு 1,600 ஓம் வரை கணக்கு இடம் கொடுக்கிறது. நடைமுறையில் அதற்கு வெகு கீழே வைத்துக்கொள்வதே புத்தி, ஏனென்றால் மண் காய்ந்தால் தடை ஏறிவிடும்.

பலகையில் ட்ரிப் இருக்கிறது என்று பார்த்ததோடு திருப்திப்படவும் முடியாது. பழைய வீடுகள் சிலவற்றில் இருப்பது வேறொரு இனம். எர்த் கம்பியை வெட்டி அதற்கு நடுவே ஒரு சுருளை வைத்து, அங்கே வோல்ட் ஏறினால் மட்டும் விழுகிற கருவி. 1980களுக்கு முந்தைய வேலைகளில் இது இருந்தது. மின்சாரம் அந்தச் சுருளைத் தவிர்த்து ஈரச் சுவர் வழியாகவோ குழாய் வழியாகவோ நிலத்துக்குப் போய்விட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. ஒரு மனிதர் லைன் கம்பியை நேரே தொட்டாலும் தெரியாது. அப்படிப்பட்ட பெட்டி இருந்தால் அதைக் கழற்றிவிடத்தான் வேண்டும்.

'ட்ரிப் போட்டாயிற்று, இனி எர்த் எதற்கு' என்று கேட்பவர்கள் முன்பைவிட இப்போது அதிகம். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எர்த் இல்லாத வீட்டிலும் ட்ரிப் விழும். ஆனால் கசிவு மண்ணுக்குப் போக வழியில்லாததால், ஒருவர் தொடும்வரை அது காத்திருக்கும். அந்தக் கசிவுக்கு முதல் பாதையே அவருடைய உடல்தான். ட்ரிப் நேரத்தைக் குறைக்கிறதே ஒழிய, அந்த நேரத்துக்குள் பாயும் மின்சாரத்தைக் குறைப்பதில்லை. நல்ல கருவியாக இருந்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். ஏணியில் நிற்கிறவர் அந்த உதறலில் விழுந்தால் என்ன ஆகும், கருவி பத்து வருடமாக ஒருமுறைகூட இயங்காமல் இறுகிப்போயிருந்தால் என்ன ஆகும் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். கருவியில் 'டி' என்று எழுதிய ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் கருவி விழுகிறதா என்று தெரியும், மாதம் ஒருமுறை அழுத்தவும் வேண்டும். ஆனால் அந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிப்பதில்லை. கருவிக்குள்ளேயே லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே ஒரு சிறு ஓட்டத்தை விட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். எர்த் கம்பி அறுந்து கிடக்கும் வீட்டிலும் பொத்தான் ஒழுங்காக வேலை செய்யும்.

எர்த் செத்துவிட்டதற்கு அடையாளம் பல வீடுகளில் கண்முன்னே இருக்கிறது. ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்கும்போது விரல் நுனியில் மெல்லச் சுருக்கென்று ஏறும். கணினிப் பெட்டியைப் புறங்கையால் தடவினால் ஒரு நடுக்கம் தெரியும். இப்படிப்பட்ட சாதனங்கள் பலவற்றில் மின்னோட்டத்தின் இரைச்சலை வடிகட்டும் சிறு பாகங்கள் உள்ளன. அவை வழியாக ஒரு மில்லி அம்பியருக்கும் குறைவான ஓட்டம் உடலுக்கு வந்து பச்சைக் கம்பியில் இறங்கிவிட வேண்டும். இறங்க வழியில்லாதபோது உலோக உடல் 100 வோல்ட்டுக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கும். அந்தச் சுருக்கு ஆளைக் கொல்லாது. ஆனால் அந்த வீட்டில் எர்த் இல்லை என்பதை அது நாள்தோறும் சொல்கிறது. அதற்கு நாம் கண்டுபிடித்திருக்கும் வைத்தியம் செருப்புப் போட்டுக்கொண்டு ஃப்ரிட்ஜைத் திறப்பது. பிள்ளைகளுக்கும் அதையே பழக்குகிறோம். இதைவிடக் கவலைக்குரிய பழக்கம் வீட்டுக்குள் வேறு இல்லை.

இந்தச் சுருக்கை நிறுத்த வயரிங் பாஸ்மார் சிலர் செய்யும் ஒரு குறுக்கு வழியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாவற்றிலும் கொடியது அது. பிளக் பொயின்ட்டைக் கழற்றி, நியூட்ரல் முனையையும் எர்த் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிடுவார்கள். சுருக்கு உடனே நின்றுவிடும், வீட்டுக்காரரும் மகிழ்ந்துபோவார். அமெரிக்காவில் இப்படித்தானே செய்கிறார்கள் என்று காணொளியைக் காட்டி வாதிடுவதும் உண்டு. அமெரிக்க வீடுகளில் நியூட்ரலை மண்ணோடும் எர்த்தோடும் சேர்ப்பது உண்மைதான். ஆனால் அது மெயின் பலகையில் ஒரே ஓர் இடத்தில், விநியோகம் முழுவதும் அதற்கென்றே அமைக்கப்பட்டிருப்பதால், செய்யப்படுகிறது. பிளக் பொயின்ட்டில் சேர்ப்பது அங்கும் விதிமீறலே. நம்முடைய மேல்நிலைக் கம்பியில் நடப்பது வேறு. இடைப்பருவ மழைக் காற்றில் ஒரு பலாக் கிளை கம்பிமேல் விழுகிறது, நியூட்ரல் மட்டும் அறுகிறது. லைன் உயிரோடு இருக்கிறது. அது ஒரு விளக்கின் வழியாகவோ ஃப்ரிட்ஜின் மோட்டார் வழியாகவோ நியூட்ரல் கம்பிக்கு வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கிறது. அந்தத் துண்டுக் கம்பி இருக்கிற வீட்டில் அது அப்படியே ஃப்ரிட்ஜின் கதவு, சோற்றுக்குக்கரின் உடல், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் ஏறிவிடும். விளக்குகள் அணைந்திருப்பதால் கரண்ட் இல்லை என்று எண்ணித்தான் ஆட்கள் அவற்றைத் தொடுவார்கள். அறுந்த கம்பியைத் திரும்ப இணைக்கும்போது லைனும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டால், வீட்டிலுள்ள அத்தனை உலோகத்திலும் நேரடியாக 230 வோல்ட். வீட்டுக்கு வந்து நிற்கும் இரண்டு பழைய கம்பிகள் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. ட்ரிப் சுவிட்ச்சும் உயிருள்ள எர்த்தும் இருக்கும் வீட்டில் இந்தக் குறுக்கு வழி நெடுநாள் எடுபடாது, பெரிய சாதனம் ஓடும்போது ட்ரிப் விழுந்துவிடக்கூடும். ஆனால் எர்த் செத்த வீட்டில் ட்ரிப் இருந்தாலும் இது வெளியே தெரியாமல் கிடக்கும்.

இனி கோலின் கதை. அலுவிகாரை போன்ற இடத்தில் கோல் முழுதாக மண்ணுக்குள் போவதே பெரிய காரியம். இரண்டு அடியில் பாறை தட்டும். மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டுக் கம்பியைச் சுற்றி மண்ணை மூடிவிட்டால் மேலே இருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. தடையைக் குறைப்பது கோலின் தடிப்பு அல்ல, நீளம். தடிப்பை இரண்டு மடங்காக்கினால் 75 ஓம் 65 ஆகும், நீளத்தை இரண்டு மடங்காக்கினால் 42 ஆகும். பாறை தடுத்தால், இரண்டு மூன்று கோல்களை ஒரு கோலின் நீளத்துக்குக் குறையாத இடைவெளியில் அடித்துச் சேர்க்கலாம். செப்புப் பட்டியைப் படுக்கைவாட்டில் பள்ளம் வெட்டிப் புதைக்கவும் செய்யலாம். உப்பும் கரியும் போட்டுக் குழியை நிரப்புவது நம்மூரில் நெடுநாள் வழக்கம். உப்பு முதலில் தடையைக் குறைக்கத்தான் செய்யும், ஆனால் மழையில் கரைந்து போய்விடும், போவதற்குள் கவ்வியையும் அரித்துவிடும். அந்தக் கவ்விதான் பெரும்பாலும் முதலில் சாகிறது. மீற்றருக்குக் கீழே வெளிச்சுவரோடு இறங்கும் பச்சைக் கம்பியைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். பூச்சு வேலையில் அறுந்திருக்கலாம். கவ்விக்குப் பதில் கோலில் வெறுமனே முறுக்கி விடப்பட்டு, முறுக்கு பச்சை பூத்து உதிர்ந்திருக்கலாம். நிலத்துக்குள் ஒரு சாண் போய் அங்கேயே முடிந்திருக்கவும் கூடும்.

எர்த் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் சிலர் ஒரு 60 வாட் பல்பை லைனுக்கும் எர்த்துக்கும் இடையில் பிடித்துக் காட்டுவார்கள். பல்பு பளிச்சென்று எரியும். அது எதையும் நிரூபிக்கவில்லை. அந்தப் பல்புக்குக் கால் அம்பியர் போதும், கோலின் தடை 100 ஓம் ஆனாலும் அதற்கு 200 வோல்ட்டுக்கு மேல் கிடைத்துவிடும். பல்பு எரியும் எர்த்தில் பியூஸ் எரியும் என்று நினைப்பதுதான் பழைய வீடுகளைப் பற்றிய மிகப் பரவலான தவறு. எர்த்தை அறிய அதற்குரிய அளவுக்கருவி வேண்டும். அதையும் குழியில் தண்ணீர் ஊற்றிய கையோடு அளக்காமல், வறண்ட மாதம் ஒன்றில் அளக்க வேண்டும்.

நாற்பது வருடமாக ஒன்றும் நடக்கவில்லையே என்பது எல்லோரும் சொல்லும் மறுப்பு. நாற்பது வருடத்துக்கு முன் அந்த வீட்டில் என்ன இருந்தது? 1980களின் தொடக்கத்தில் இலங்கையில் மின்சாரம் இருந்த வீடுகளே சிறுபான்மை. இருந்த வீடுகளிலும் கைக்கெட்டாத உயரத்தில் சில விளக்குகள், ஒரு வானொலி, ஓர் அயன். இன்று தண்ணீரும் தகரமும் மின்சாரமும் ஒன்றாய்ச் சேரும் சலவை இயந்திரம், கேத்தல், சுடுநீர்ப் பெட்டி, கிணற்று மோட்டார் எல்லாம் அதே பழைய கம்பியில், அதே செத்த எர்த்தில் ஓடுகின்றன. கடந்த காலம் அமைதியாகப் போனதற்குக் காரணம் அந்த வயரிங்கின் வலிமை அல்ல.

மழை நாளில் ட்ரிப் அடிக்கடி விழுகிறது, அதனால் அதைத் தவிர்த்து நேரே கொடுத்துவிட்டோம் என்பது இன்னொன்று. இந்தத் தொந்தரவு உண்மையானது, அதைக் கேலி செய்ய முடியாது. ஆனால் ட்ரிப் விழுவதற்குக் காரணம் இருக்கிறது: முற்றத்து விளக்கில் தண்ணீர் இறங்கியிருக்கும், கேத்தலின் சூடாக்கி வெடித்திருக்கும், எங்கோ நியூட்ரல் ஈரச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். முதலில் எல்லாச் சாதனங்களையும் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தாலே பாதிக் காரணங்கள் பிடிபடும். சிறு பிரேக்கர்களை மட்டும் ஒவ்வொன்றாக அணைத்துத் தேடினால் ஏமாறக்கூடும், அவை பெரும்பாலும் லைனை மட்டுமே வெட்டுகின்றன. நியூட்ரலில் உள்ள கோளாறு அப்படியே இருக்கும். பன்றிக்கும் குரங்குக்கும் என்று வீட்டு லைனிலிருந்து தோட்டத்துக்குக் கம்பி இழுப்பவர்களும் ட்ரிப்பைத் தவிர்த்துத்தான் இழுக்கிறார்கள். அந்தக் கம்பியில் ஆண்டுதோறும் மனிதர்கள் சாகிறார்கள். அது சட்டவிரோதம். அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

பொறுப்பு யாருடையது என்ற கேள்வி மிஞ்சுகிறது. மீற்றர் வரை விநியோகிப்பவருடையது, அதற்கு அப்பால் வீட்டுக்காரருடையது என்பதே ஏற்பாடு. புதிய இணைப்புக்கு ட்ரிப்பும் எர்த்தும் பார்க்கப்படுகின்றன. ஒருமுறை இணைப்புக் கிடைத்த வீட்டுக்குள் அதன்பின் யாரும் வந்து அளப்பதில்லை. இது கொள்கையில் உள்ள ஓட்டை என்றே சொல்வேன். மீற்றர் மாற்றும்போதும், கணக்கின் பெயர் மாற்றும்போதும், சூறைக்காற்றில் அறுந்த இணைப்பைத் திரும்பக் கொடுக்கும்போதும் எர்த்தை அளந்து எழுதிக் கொடுக்கும் விதி ஒன்று வேண்டும். மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதைச் செய்யலாம். தோட்ட லயன்களில் வீடு குடும்பத்தின் பெயரில் இல்லை, செலவும் அவர்களால் முடியாது. அங்கே கோலையும் ட்ரிப்பையும் தோட்ட நிர்வாகமோ அரசோதான் போட்டுக்கொடுக்க வேண்டும். மற்ற வீடுகளில் இந்த இரண்டின் விலை ஒரு ஃப்ரிட்ஜின் விலைக்குப் பக்கத்திலும் வராது.

அந்த விதி வரும்வரை வேலை வீட்டுக்காரருடையது. ஐப்பசி மழைக்கு முன், தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ள ஒருவரை அழையுங்கள். பலகையைத் திறப்பதும் கம்பியைத் தொடுவதும் அவருடைய வேலை, உங்களுடையது அல்ல. ட்ரிப் 30 மில்லி அம்பியர் கருவிதானா என்று கேளுங்கள். நியூட்ரலும் எர்த்தும் எங்கும் சேர்க்கப்படவில்லை என்று ஒவ்வொரு பிளக் பொயின்ட்டிலும் பார்க்கச் சொல்லுங்கள். எர்த்தை அளந்தபின் 'நல்லா இருக்கு' என்ற பதிலோடு அவரை அனுப்பிவிடாதீர்கள். எத்தனை ஓம் என்று கேட்டு, அந்த எண்ணையும் திகதியையும் பலகையின் மூடிக்கு உட்புறம் எழுதி வையுங்கள்.